மறுமொழி: ‘வெர்னாகுலர் ஆர்க்கிடெக்சர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் ஐயா, குழுவினர் யாவருக்கும் வணக்கம்.

கட்டடக்கலைஞர் வரையாமல், ஓர் இடத்து மக்களே தங்கள் தேவைக்கேற்ப ஆக்கிக்கொள்ளும் கட்டடங்களை ஆங்கிலத்தில் ‘வெர்னாகுலர் ஆர்க்கிடெக்சர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘சுதேசக் கட்டடக்கலை’ என்ற உங்கள் பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் இலங்கை மலைநாட்டில் எது சுதேசம்? கண்டிக்கு அருகே கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது. தென்னிந்தியக் கோயில் பாணி. தலைமைச் சிற்பி கணேசுவராசாரி. கொழும்பின் சுதந்திர நினைவு மண்டபம் கண்டி அரண்மனையின் அரசவை மண்டபமான மகுல் மடுவத்தைப் பார்த்துக் கட்டியது. அந்த மடுவத்தைத் தொடங்கியவரோ தென்னிந்திய வழிவந்த நாயக்க வம்சத்து இராஜாதி இராஜசிங்கன். தேசத்தின் முகமாக நிற்கும் கட்டடத்திலேயே இத்தனை பேரின் கை இருக்கிறது.

‘மரபுக் கட்டடக்கலை’ என்றால் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, வெளியே நின்றுவிடும். இதுதான் என் பெரிய கவலை. லயத்தைக் கட்டியது தோட்ட நிர்வாகம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக, 10 அடிக்கு 12 அடி அளவில் காம்பராக்கள் (அறைகள்), முன்னால் இஸ்தோப்பு (தாழ்வாரம்): எல்லாம் துரைமார் போட்ட கணக்கு. அந்த இஸ்தோப்பை அடைத்து அடுப்படி ஆக்கியவர்கள் எங்கள் ஆட்கள். பின்பக்கம் தகரம் இறக்கிப் பிள்ளைகள் படிக்க இடம் கண்டவர்களும், வாசலோரத் துண்டு நிலத்தில் மரக்கறி போட்டவர்களும் அவர்களே. தலைமுறை தலைமுறையாக நடந்த இந்த வேலைக்குக் கட்டடக்கலை வரலாற்றில் இடம் வேண்டும். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வெளியே தள்ளிய இந்தத் தோட்ட மக்களை நாம் ஆக்கும் சொல்லும் தள்ளிவிடக் கூடாது.

ஆகவே என் முன்மொழிவு: ‘புழங்குகட்டடக்கலை’. நாட்டார் வழக்காற்றியலில், மக்கள் அன்றாடம் புழங்கும் பொருள்களைப் பற்றிப் பேச, ‘புழங்குபொருள் பண்பாடு’ ஏற்கெனவே வேரூன்றிய சொல். அதன் அருகில் இது இயல்பாக உட்காரும்.

——

அக்கா, சொல் பிடித்திருக்கிறது. வினைத்தொகை ஆதலால் ‘க்’ மிகாது, ஊறுகாய் போல. சேர்த்தே எழுதலாம். ஒரு தடை: இன்று பாவனையில் உள்ள கட்டடம் என்று மட்டும் வாசகர் எண்ணிவிட்டால்? ஆள் இல்லாமல் இடிந்து கிடக்கும் லயங்களும் நிறைய இருக்கின்றனவே. ‘வட்டாரக் கட்டடக்கலை’ போதாதா?

——

தம்பி, வினைத்தொகைக்கு மூன்று காலமும் உண்டு. புழங்கிய, புழங்கும், இனிப் புழங்கப்போகும் எல்லாமே அதற்குள் அடங்கும். இடிந்த லயமும் சேரும். ‘வட்டாரக் கட்டடக்கலை’யை வேறொன்றுக்காக வைத்திருப்போம். கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா உள்ளூர்க் கைவினையை நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தாரே, அந்த வகைக்கு. அது கட்டடக்கலைஞர் வரைந்து தருவது. இது குடியிருப்பவர் வாழ்ந்து ஆக்குவது. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம்.