மெனு படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது: எண்ணைக் கூட்டுவதா, காரணத்தைத் தேடுவதா?

குமுளி மசாலாக்கடை:
குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கிறோம். கடையின் இணையதளம் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. மேலே மெனுவில் ‘பொருட்கள்’ மீது மவுஸை வைத்தால் விரியும் பட்டியல், கீழே நகரும் படங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. பட்டியலுக்கு இசட்-இண்டெக்ஸ் (எது முன்னால், எது பின்னால் என்று சொல்லும் எண்) 9999 கொடுத்தும் அசையவில்லை. தமிழ்ப் பக்கத்தில் இன்னொரு தொல்லை: ‘எங்களைப் பற்றி’ இரண்டு வரியாக உடைந்து மெனுப்பட்டையே வீங்கித் தெரிகிறது. மற்ற இரண்டு மொழியிலும் அப்படி இல்லை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்கள் இந்த வழியாக வரத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

கம்பத்தான்:
அண்ணே, அவசரம் என்றால் படங்கள் இருக்கும் பெட்டிக்கு, எண் எடுபடுவதற்காக, பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்து, இசட்-இண்டெக்ஸ் மைனஸ் 1 போடுங்கள். படம் பின்னால் போகும், பட்டியல் முன்னால் வரும். கேட்கவில்லை என்றால், மற்ற விதிகளை மீறவைக்கும் இம்பார்ட்டன்ட் சேர்த்துவிடுங்கள். சீசன் நேரத்தில் காரணம் தேடிக்கொண்டு உட்கார முடியுமா?

செங்கோட்டை செல்வி:
தயவுசெய்து மைனஸ் போடாதீர்கள். படப்பெட்டி தன் தாய்ப்பெட்டிக்கும் பின்னால் போய்விடும். தாய்ப்பெட்டிக்கு வெள்ளைப் பின்னணி இருந்தால் படமே காணாமல் போகும். தெரிந்தாலும், படத்தின் மேல் இருக்கும் அம்புக்குறியும் ‘வாங்க’ பொத்தானும் அழுத்தினால் வேலை செய்யாமல் போகலாம், அழுத்தலை முன்னால் இருக்கும் பெட்டி வாங்கிக்கொள்ளும். மெனுவைக் காப்பாற்ற விற்பனையை நிறுத்துவதா?

அண்ணாச்சி, ஹெடரில் (மெனு இருக்கும் மேல்பட்டை) சமீபத்தில் ஏதாவது சேர்த்தீர்களா? ஒபாசிட்டி, டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர் மாதிரி தோற்றத்தை மாற்றும் வரி?

குமுளி மசாலாக்கடை:
ஓணத்துக்கு மெனுப்பட்டையைப் பனி படிந்த கண்ணாடி போல மாற்றச் சொன்னேன். பையன் பேக்டிராப்-ஃபில்டர் ப்ளர் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறான். அதற்கு முன்பு பட்டியல் ஒழுங்காகத்தான் விரிந்தது.

செங்கோட்டை செல்வி:
அப்போ அதேதான். பேக்டிராப்-ஃபில்டர் வந்த உடனே ஹெடர் ஒரு தனி ஸ்டேக்கிங் கான்டெக்ஸ்ட் (உள்ளே இருப்பவற்றின் முன்-பின் வரிசையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அடுக்கு) ஆகிவிடும். அதற்குள் இருக்கும் பட்டியலின் 9999 அதற்குள்ளே மட்டும்தான் செல்லும். செக்போஸ்ட்டில் நிற்கிற லாரியில் எவ்வளவு உயரம் சரக்கு ஏற்றினாலும் வரிசையில் லாரியின் இடம் மாறுமா? வெளியே பார்த்தால் ஹெடர் இருப்பது பூஜ்ய மட்டத்தில். படங்களை நகர்த்தும் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்ம் இருக்கும், அதுவும் பூஜ்ய மட்டம்தான். இரண்டும் சமம் என்றால், ஹெச்டிஎம்எல்லில் (பக்கத்தை எழுதிய கோடு) அடுத்ததாக எழுதப்பட்டதுதான் மேலே வரையப்படும். படம் ஜெயிப்பது அதனால்தான்.

எஃப்12 அழுத்தி (பிரவுசரின் சோதனைக் கருவி திறக்கும்), ஹெடரில் அந்த ப்ளர் வரிக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துப் பாருங்கள். பட்டியல் முன்னால் வந்தால் நோய் அதுதான். மருந்து, ஹெடருக்கே பொசிஷன் ரிலேட்டிவ், இசட்-இண்டெக்ஸ் 10. பட்டியலில் இருக்கும் 9999-ஐ 1 ஆக்கினாலும் ஒன்றும் ஆகாது.

பட்டியல் பின்னால் போகாமல், கத்தரித்தது போல ஹெடரின் விளிம்பிலேயே நின்றால் அது வேறு வியாதி. அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு பெட்டியில், வெளியே நீள்வதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் இருக்கும். அதற்கு இசட்-இண்டெக்ஸ் எந்த எண்ணும் உதவாது.

கம்பத்தான்:
அக்கா, காரணம் சரி, ஒத்துக்கொள்கிறேன். மருந்தில்தான் எனக்குச் சம்மதமில்லை. இன்றைக்கு ஹெடருக்கு 10. நாளைக்கு வாட்ஸ்அப் பொத்தானுக்கு 20, சலுகை அறிவிப்புக்கு 50. ஆறு மாதத்தில் மறுபடியும் 9999-க்கே வந்து நிற்போம். வினையை இழுத்துவிட்டது அந்த ப்ளர். அதைத் தூக்கிவிட்டு வெறும் வெள்ளைப் பின்னணி கொடுத்தால் எண்ணே தேவைப்படாது. பழைய போனில் ஸ்க்ரோல் செய்யும்போது ப்ளர் திக்கும் என்பது தனிக் கணக்கு.

வாளையார்:
இரண்டு பேரும் ஒரு பட்டியலுக்காக ஹெடரையே மாற்றுகிறீர்கள். பாப்ஓவர் என்று ஒரு ஆட்ரிபியூட் (ஹெச்டிஎம்எல் குறிச்சொல்லில் சேர்க்கும் குறிப்பு) இப்போது முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அதில் திறப்பது, பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் டாப் லேயருக்குப் போய்விடும், எந்த ஸ்டேக்கிங் கான்டெக்ஸ்ட்டும் அதைக் கட்டாது.

செங்கோட்டை செல்வி:
வாளையார் சார், அது திறந்தால் திரையின் நடுவில் வந்து நிற்கும். மெனுவுக்குக் கீழே கொண்டுவந்து ஒட்டவைப்பது தனி வேலை. புதிதாகக் கட்டும் தளத்துக்குச் சரி, கார்த்திகைக்குள் முடிக்க வேண்டிய கடைக்கு வேண்டாம்.

வாளையார்:
சரி. தமிழ் மெனு உடைவதைப் பற்றி யாருமே பேசவில்லையே. மெனுவை ஒரே வரிசையில் அடுக்கும் ஃபிளெக்ஸில் இடம் போதாவிட்டால் பட்டை அடுத்த வரிக்குப் போகாது, ஒவ்வொரு தலைப்பும் சொல் இடைவெளியில் உடையும். தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் தமிழில் மட்டும் நடக்கிறது. அதோடு விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று எழுத்துரு மாறினால் அகலமும் மாறும். கடை லேப்டாப்பில் சரியாக இருப்பதை நம்ப வேண்டாம்.

கம்பத்தான்:
எழுத்தை 13 பிக்சலாகக் குறையுங்கள், அடங்கிவிடும்.

செங்கோட்டை செல்வி:
கம்பத்திலிருந்து வரும் பெரியவர்கள் கண்ணாடியைத் தேடட்டும் என்கிறீர்களா? 13-இல் ‘ணை’யும் ‘னை’யும் பிரித்துப் படிக்கவே சிரமம்.

வாளையார்:
வரியை உடையவிடாத நோ-ராப் மட்டும் போட்டாலும் பக்கம் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் ஆட்ரிபியூட்டில் தமிழ் என்று குறித்திருந்தால் லாங் செலக்டரை வைத்துத் தமிழுக்கு மட்டும் விதி எழுதலாம். மற்ற மொழியில் 768 பிக்சல் திரை அகலத்தில் மூன்று கோடு பொத்தான் வருகிறது என்றால், தமிழில் 1100-லேயே வரட்டும்.

கம்பத்தான்:
லேப்டாப்பில் மூன்று கோடா? அதைத் தொட்டால் மெனு வரும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்! ‘எங்களைப் பற்றி’யைப் பக்கத்தின் அடியில் இறக்குங்கள். ஏலக்காய் வாங்க வருகிறவர் அதையா படிக்கப்போகிறார்?

குமுளி மசாலாக்கடை:
தம்பி, மொத்தமாக வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்தப் பக்கத்தைத்தான். தோட்டமும் கடையும் நிஜமா என்று பார்ப்பார்கள். அது மேலேயே இருக்கட்டும். ‘வாடிக்கையாளர் சேவை’யை ‘உதவி’ என்று சுருக்கினேன், இடம் கிடைத்துவிட்டது. ஹெடருக்கு 10 கொடுத்தேன், பட்டியலும் முன்னால் வந்துவிட்டது. ப்ளர் இருந்துவிட்டுப் போகட்டும், பார்க்க நன்றாக இருக்கிறது.

கம்பத்தான்:
இருக்கட்டும் அண்ணே. பட்டியல் ஹோவரில்தானே விரிகிறது? மலைக்கு வருகிறவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். அதில் மவுஸ் ஏது?

செங்கோட்டை செல்வி:
இதில் கம்பத்தார் சொல்வது சரி. ‘பொருட்கள்’ லிங்க்காக இருந்தால் முதல் தொடுதலிலேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அதைப் பட்டன் ஆக்கி, அழுத்தினால் திறக்கும்படி வையுங்கள். கீபோர்டில் வருகிறவருக்கும் அதுதான் வசதி.

கம்பத்தான்:
பட்டன் ஆக்கும்போது அந்த ப்ளரையும் எடுத்துவிடுங்கள் அண்ணே.