அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருக்கிறது

கடைக்குட்டி:
அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. 91 வயது. பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர், பேரன் பேத்தி 11, கொள்ளுப்பேரப் பிள்ளைகள் 6. அந்த ஆறில் மூத்தவளுக்கே 7 வயதுதான், கடைசிக்குப் பத்து மாதம். பெரியவர்களானதும் படிக்கட்டும் என்று அம்மாவைப் பற்றி நாலு பக்கம் எழுதலாமென உட்கார்ந்தேன், மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டாயிற்று. "அன்பே உருவானவர், பொறுமைசாலி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்." எதுவும் பொய்யில்லை (பொறுமை மட்டும் கொஞ்சம் பொய்), ஆனால் பெயரை மாற்றினால் எந்தப் பாட்டிக்கும் அப்படியே பொருந்தும். இன்னொரு சிக்கல், அக்கா சொல்கிற அம்மாவும் எனக்குத் தெரிந்த அம்மாவும் ஒரே ஆள் மாதிரியே இல்லை. அக்காவுக்கு 70, எனக்கு 53. யார் சொல்வதை எழுதுவது? இப்படி எழுதியவர்கள் இருந்தால் எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

மூத்த பேத்தி:
அடைப்புக்குள் "பொறுமை கொஞ்சம் பொய்" என்று போட்டீர்களே, அங்கேயே தொடங்குங்கள். எதற்குப் பொறுமையில்லை, அப்போது என்ன செய்வார், என்ன சொல்வார்? என் பாட்டிக்காக நான் எழுதியபோது குணத்தைச் சொல்லும் வார்த்தை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அவர் செய்ததையும் வாயால் சொன்னதையும் மட்டும் வைத்தேன். பாதிப் பக்கம்தான் மிஞ்சியது, ஆனால் அது பாட்டிதான்.

அக்கா விஷயத்துக்கு வந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்காவைப் பெற்றபோது உங்கள் அம்மாவுக்கு 21, உங்களைப் பெற்றபோது 38. அவர் பார்த்தது அனுபவமே இல்லாத ஒரு சின்னப் பெண்ணை, நீங்கள் பார்த்தது நாலு பிள்ளைகளை வளர்த்து முடித்த ஒருத்தியை. ஒரே ஆளாக எப்படி இருப்பார்கள்? யார் சொன்னது என்று பெயர் போட்டு இரண்டையும் எழுதுங்கள், சமரசம் செய்து வைக்க வேண்டாம்.

பழைய ஆல்பம்:
எழுத்து மெதுவாக வரட்டும், முதலில் அவசரமானதைப் பாருங்கள். படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் இப்போது உங்கள் அக்காதான். ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கத்துக்கு ஊறும், மெல்லிய பென்சிலே போதும். பசை தடவிய பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பமாக இருந்தால் அந்தப் பசையே படத்தைக் கெடுக்கும், ஆனால் பிய்த்து எடுக்காதீர்கள், வரவில்லையென்றால் ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். சின்னப் படங்களை ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) வேண்டும். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு யார் வீட்டிலாவது.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. உங்கள் அம்மா அனுப்பிய குரல் செய்திகள் யார் போனிலாவது இருக்கும். போன் மாற்றுவதற்கு முன் எல்லாரிடமும் கேட்டு வாங்கி வையுங்கள். என் அம்மாவின் குரல் எங்களிடம் ஒரு நொடிகூட இல்லை.

ஓரமாய் ஒருவன்:
எல்லாவற்றையும் எழுதிவிடாதீர்கள். அவர் இருந்திருந்தால் "இதையெல்லாம் ஏன்டி எழுதுகிறாய்" என்று கேட்கக்கூடியதை விட்டுவிடலாம். மற்றபடி எழுதத்தான் வேண்டும். பொதுவாக மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது யாருக்கும் பெரிதாக நினைவில் நிற்பதில்லை, அந்தப் பத்து மாதக் குழந்தைக்கு உங்கள் அம்மா என்றால் நீங்கள் எழுதுவது மட்டும்தான். எனக்கும் உங்களுக்கும் கொள்ளுப்பாட்டிகள் நாலு பேர் இருந்திருப்பார்கள். எனக்கு ஒருவர் பெயர்தான் தெரியும், நாலும் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் கை தூக்குங்கள்.

கடைக்குட்டி:
எல்லாருக்கும் நன்றி. எனக்கு இரண்டு பெயர் தெரியும், அதுவும் அம்மா சொல்லித்தான்.

பொறுமையில்லாததிலிருந்தே தொடங்கிவிட்டேன். அம்மா கதைப்புத்தகம் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பாள். சாகிறானா பிழைக்கிறானா என்று தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடியுமாம், அதோடு விடாமல் பாதி படித்துக்கொண்டிருக்கிற எங்களிடமும் முடிவைச் சொல்லிவிடுவாள். இதை அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மா புத்தகம் படிப்பாளா? எனக்குத் தெரிந்து அவள் உட்கார்ந்தே பார்த்ததில்லையே" என்றாள். அதையும் அடுத்த வரியாக எழுதிக்கொண்டேன்.

குரல் செய்திகள் இதுவரை 23 கிடைத்திருக்கின்றன. பாதிக்கு மேல், பக்கத்தில் யாரிடமோ "இது ஓடுதா, நான் பேசலாமா?" என்று கேட்பதோடு முடிந்துவிடுகின்றன.