முழங்கால் குருத்தெலும்பில் ஓட்டை: கரையும் ஒட்டு வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லடி உதைபந்துக்காரன்:
தம்பி சுவிஸில் இருக்கிறான். பந்தடியில் முழங்கால் திரும்பி விழுந்தான். எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தால், தொடையெலும்பின் நுனியில் பெருவிரல் நகமளவு குருத்தெலும்பு பிய்ந்து போயிருக்கிறது. சவ்வு கிழியவில்லை என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். டொக்டருக்கு அந்தச் சந்தோசம் இல்லை. குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாயே கிடையாது, தானாக ஆறாது என்றாராம்.

பழுதான இடத்தை நல்ல விளிம்பு வரும்வரை சுரண்டிவிட்டு, அடியிலுள்ள எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டார்கள். எலும்புக்குள் இருக்கும் மச்சைக் கலங்களோடு இரத்தம் கசிந்து வரும். அது ஓடிப்போகாமல் பிடித்துவைக்கத்தான் மேலே கொலாஜன் என்ற புரதத்தில் செய்த ஒட்டு. அலுமினியத் தாளை ஓட்டையில் அழுத்தி அச்செடுத்து, அந்த அளவுக்கு ஒட்டை வெட்டுவார்களாம். சொரசொரப்பான பக்கம் எலும்புக்கு, வழுவழுப்பான பக்கம் மூட்டுக்கு. ஃபைப்ரின் என்ற, இரத்தத்தை உறையவைக்கும் புரதத்தில் செய்த பசையால் ஒட்டினார்கள். மாதக்கணக்கில் ஒட்டு மெல்லக் கரைய, அந்த இடத்தைப் புதுத் திசு பிடிக்கும். அது பிறவிக் குருத்தெலும்பின் தரத்துக்கு வராது என்பதையும் டொக்டர் ஒளிக்கவில்லை.

ஒபரேஷனை விட மறுகா வருவதுதான் பாடு. ஆறு கிழமை ஊன்றுகோல், காலை மடக்கி நீட்ட ஒரு மெஷின், ஒரு வருசத்துக்குப் பந்து கிடையாது. அம்மா இங்கிருந்து வீடியோ கோலில் "கால ஊனாத மகன்" என்று சத்தம் போட்டபடியே இருந்தா.

காத்தான்குடியான்:
அண்ணன், அந்தக் கொலாஜன் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. மச்சானுக்கு லண்டனில் இதே சிகிச்சை பேசியபோது டொக்டரே முதலில் சொல்லிவிட்டார். மௌலவியிடம் கேட்டோம், வேறு வழியிருந்தால் அதைப் பாருங்கள் என்றார். ஹயலுரோனிக் அமிலத்தில், அதாவது மூட்டு நீரில் இருக்கும் வழுவழுப்பான பொருளில், செய்த வலையும் இருக்கிறது, அதுவும் கரைவதுதான். அதையே வைத்தார்கள். நம்ம ஆக்கள் கையெழுத்துப் போட முதல் எதில் செய்தது என்று கேளுங்கள், டொக்டர்மார் கோபிக்க மாட்டார்கள்.

வாழைச்சேனை வாத்தியார்:
பவளப்பாறையிலும் செய்கிறார்கள் பிள்ளைகள்! அரகொனைட், அதாவது கல்சியம் காபனேற்று. அஜிலி-சி என்று பெயர், 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குருத்தெலும்போடு அடியெலும்பும் பழுதான ஆட்களுக்கு முளைபோல இறக்குவார்கள். என்னிடம் படித்த பையன் அவுஸ்திரேலியாவில் பிசியோ. அவன்தான் படம் அனுப்பினான். இந்தப் பக்கம் நாங்கள் அதே பவளத்தைத்தான் முருகைக்கல்லென்று உடைத்துச் சுண்ணாம்புச் சூளையில் போட்டோம்.

அக்கரைப்பற்று மகள்:
அம்மாவுக்கு 63 வயது, காலமெல்லாம் வயல் வேலை. ஒட்டு வைத்தால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் காசு கேட்டார். நல்லவேளை, கிளினிக் டொக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்: இரண்டு எலும்பும் முட்டிக் கிடந்தன. "வரம்பில் ஓர் உடைப்பென்றால் அடைக்கலாம் அம்மா, உங்களுக்கு வரம்பே கரைஞ்சு போச்சே" என்றார். ஓட்டை ஓரிடத்தில் இருந்து, சுற்றிவர நல்ல குருத்தெலும்பு இருந்தால்தான் ஒட்டு பிடிக்குமாம்.

இப்போது தொடைத் தசைக்குப் பயிற்சி, குந்துவதை நிறுத்தியாச்சு, நிறையும் குறைக்கிறா. சரிவராவிட்டால் மூட்டு மாற்றலாம் என்கிறார்கள். மாற்றியவர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள், அதற்குப் பிறகு வயலுக்குள் இறங்க விடுவார்களா? அம்மா அதைத்தான் கேட்கிறா.