குடும்பக் குழுவில் ஒரு கேள்வி: அல்பேனியாவின் முதல் கிளப் எது?

கார்த்தி: ராமு சித்தப்பா, ஒரு சந்தேகம். கல்லூரி வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கிறோம். அல்பேனியாவின் முதல் கால்பந்து கிளப் எது என்று ஒரு கேள்வி. கூட இருப்பவன் வ்ளாஸ்னியா, 1919 என்கிறான். சரியா?

விஜி அத்தை: அல்பேனியாவா? அன்னை தெரசா அந்த ஊர்தானே?

ராமு சித்தப்பா: அல்பேனிய இனம் அக்கா. பிறந்தது ஸ்கோப்யேயில்.

ராமு சித்தப்பா: கார்த்தி, வ்ளாஸ்னியா ஷ்கோதர் நகரத்தில் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிற கிளப். அதே நகரத்தில் அதற்கு 7 வருஷம் முன்பே ஒன்று இருந்தது. இண்டிபெண்டென்சா, 1912. இப்போது இல்லை. ஆரம்பித்தவர் பலோக்க நிகா. முதல் கிளப் என்று சொல்வது அதைத்தான்.

கார்த்தி: கேள்விப்பட்டதே இல்லையே. எத்தனை கோப்பை ஜெயித்தது?

ராமு சித்தப்பா: ஒன்றுகூட இல்லை. ஜெயிப்பதற்குக் கோப்பையே கிடையாதுடா. அங்கே கால்பந்து சங்கம் வந்ததும் 1930, முதல் லீக் நடந்ததும் 1930. அந்த லீக்கில் ஆறே அணிகள். இந்தக் கிளப்பைப் பற்றி எல்லாரும் சொல்வது ஒரே ஒரு ஆட்டம். அதிலும் தோல்வி.

பெரியப்பா: 🙏 இனிய காலை வணக்கம்

கார்த்தி: பெரியப்பா, மணி 11.

கார்த்தி: யாரிடம் தோற்றார்கள் சித்தப்பா?

ராமு சித்தப்பா: பிரிட்டிஷ் கடற்படைக்காரர்களிடம். அக்டோபர் 1913. 1-2. அந்த ஒரு கோலும் கேப்டன் பலோக்க நிகா போட்டதுதான். அல்பேனிய மண்ணில் பதிவான முதல் ஆட்டம் என்று அதைத்தான் சொல்வார்கள்.

விஜி அத்தை: கடற்படைக்கு அந்த ஊரில் என்ன வேலை? விளையாடவா போனார்கள்?

ராமு சித்தப்பா: செல்வி, நீதான் வரலாறு டீச்சர். நீயே சொல்லு.

செல்வி அக்கா: வகுப்பு முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். சரி. ஷ்கோதர் இருப்பது வடக்கு அல்பேனியாவில், ஏரிக்கரையில், மாண்டினீக்ரோ எல்லைக்குப் பக்கத்தில். நான்கு நூற்றாண்டுக்கு மேல் உதுமானியத் துருக்கியர் ஆட்சியில் இருந்த மண் அது. 1912 அக்டோபரில் உதுமானியருக்கு எதிராகப் பால்கன் நாடுகளின் போர் வெடித்ததும் மாண்டினீக்ரோ படை ஷ்கோதரைச் சுற்றி வளைத்துவிட்டது. ஏறக்குறைய ஆறு மாதம் முற்றுகை. நவம்பர் 28ல் தெற்கே வ்லோராவில் அல்பேனியா விடுதலை அறிவிக்கிறது. ஷ்கோதர் மக்களோ அப்போது முற்றுகைக்குள்.

செல்வி அக்கா: உள்ளே கோட்டையைக் காத்தவர் உதுமானியத் தளபதி ஹசன் ரிஸா பாஷா. 1913 ஜனவரியில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அடுத்து வந்த எசாத் பாஷா ஏப்ரலில் நகரத்தை மாண்டினீக்ரோவிடம் ஒப்படைத்தார். அதை ஐரோப்பிய வல்லரசுகள் ஏற்கவில்லை. கடற்கரையை முற்றுகையிட்டு நிர்ப்பந்தித்தன. மாண்டினீக்ரோ மன்னர் நிகோலா பின்வாங்கினார். மே மாதம் பன்னாட்டுப் படை உள்ளே வந்தது. தலைமை பிரிட்டிஷ் துணை அட்மிரல் செசில் பர்னி.

கார்த்தி: அந்தப் படையோடுதான் மேட்ச்சா! ஆறு மாதம் முற்றுகையில் கிடந்த ஊர், அடுத்த ஆறு மாதத்துக்குள் பதினொரு பேரைத் திரட்டிக் களமிறங்கி 1-2 வரைக்கும் வந்திருக்கிறது. அது தோல்வியே இல்லை சித்தப்பா.

ராமு சித்தப்பா: அதுவும் யாரோடு! கால்பந்துக்கு விதி எழுதிய நாட்டுக்காரர்களோடு. ஷ்கோதரில் அந்த ஆட்டம் நுழைந்தே நான்கைந்து வருஷம்தான் இருக்கும். கிறிஸ்தவ மிஷன் பள்ளி மாணவர்கள் உதைப்பதை ஊரே வேடிக்கை பார்த்ததாகச் சொல்வார்கள்.

விஜி அத்தை: பாவம் பிள்ளைகள். சாப்பாட்டுக்கே திண்டாடியிருப்பார்கள். அதில் பந்து வேறு.

கார்த்தி: இன்னொன்று கவனித்தீர்களா? யூரோ 2024ல் இத்தாலியோடு அல்பேனியா ஆடியதும் 1-2 தோல்விதான்! பஜ்ராமி 23வது விநாடியில் கோல் போட்டாரே, அந்த மேட்ச்.

ராமு சித்தப்பா: அட, ஆமாம். நான் டீயை எடுத்துக்கொண்டு வருவதற்குள் போட்டுவிட்டார். ரீப்ளேயில்தான் பார்த்தேன்.

செல்வி அக்கா: சித்தப்பா, அந்தக் கிளப் அப்புறம் என்னாயிற்று?

ராமு சித்தப்பா: காணாமல் போனது. அதை நீ சொன்ன வரலாற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1914ல் உலகப் போர் வந்ததும் பன்னாட்டுப் படை கிளம்பிவிட்டது. 1915ல் மறுபடி மாண்டினீக்ரோ. 1916 ஜனவரியில் ஆஸ்திரியா-ஹங்கேரி. கொடி மாறிக்கொண்டே இருந்த ஊரில் கிளப் நிலைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

கார்த்தி: அப்படியென்றால் 1919ல் வந்த வ்ளாஸ்னியா அதன் தொடர்ச்சிதானே? அதே ஊர். என் நண்பன் சொல்வதும் பாதி சரியாகிவிடும்.

ராமு சித்தப்பா: அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர் ஒன்று என்பதற்காகக் கிளப்பும் ஒன்றாகிவிடாது. வ்ளாஸ்னியாவே தன் பிறப்பை 1919 என்றுதான் சொல்கிறது. 1912க்கு உரிமை கொண்டாடவில்லை. நாம் ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

செல்வி அக்கா: ஆனால் வ்ளாஸ்னியாவுக்கும் பெயர் மாறியிருக்கிறதே சித்தப்பா. 1930 லீக்கில் ஆடியபோது பஷ்கிமி ஷ்கோதரான். கம்யூனிஸ்ட் ஆட்சியில், 1950களில் கொஞ்ச காலம் புனா ஷ்கோதர். அவற்றை மட்டும் ஒரே கிளப் என்கிறீர்கள்.

ராமு சித்தப்பா: நீயும் தேட ஆரம்பித்துவிட்டாயா 😄 அந்த 'புனா' எல்லா ஊருக்கும் மேலிடத்திலிருந்து ஒட்டிய பெயர். புனா டிரானா, புனா கோர்ச்சா என்று வரிசையாக இருந்தது. பெயர்ப்பலகைதான் மாறியது. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அப்படியே இருந்தார்கள். பழைய பெயரும் சில வருஷத்தில் திரும்பிவிட்டது. இண்டிபெண்டென்சா கதை அப்படியில்லை. நடுவில் ஒரு உலகப் போரே கிடக்கிறது.

செல்வி அக்கா: ஒப்புக்கொள்கிறேன். அரை மனதோடு.

ராமு சித்தப்பா: கிளப் போனாலும் ஊர் பந்தை விடவில்லை, அது வேறு விஷயம். 1946 பால்கன் கோப்பையை அல்பேனியா வென்றபோது கேப்டன் லோரோ போரிச்சி, ஷ்கோதர்க்காரர். அங்கே இருக்கிற ஸ்டேடியத்துக்கு அவர் பெயர்தான். வ்ளாஸ்னியா 9 முறை சாம்பியன். 1978ல் ஐரோப்பியக் கோப்பையில் ஆஸ்திரியா வியன்னா அணியைச் சொந்த மண்ணில் 2-0 என்று அடித்தார்கள்.

கார்த்தி: அடுத்த சுற்றுக்குப் போனார்களா?

ராமு சித்தப்பா: வியன்னாவில் 4-1 வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

பெரியப்பா: யார் தோற்றது? சிஎஸ்கேவா?

விஜி அத்தை: அண்ணா, நீங்கள் மேலே போய் முதலில் இருந்து படியுங்கள்.

கார்த்தி: சரி, கேள்வியை இப்படி மாற்றிவிடுகிறேன்: "அல்பேனியாவில் பதிவான முதல் கால்பந்து ஆட்டத்தில், 1913ல் பிரிட்டிஷ் கடற்படை அணியோடு மோதிய உள்ளூர்க் கிளப் எது?" வ்ளாஸ்னியா என்று எழுதுகிறவனுக்கு மார்க் கிடையாது.

செல்வி அக்கா: பலோக்க நிகாவை போனஸ் கேள்வியாக வை. 5 மார்க்.

கார்த்தி: அக்கா, எங்கள் ஹெச்ஓடிக்கே தெரியாது அது.

விஜி அத்தை: எனக்குத் தெரியுமே. முதல் பரிசு என்ன, குக்கரா?

கார்த்தி: புத்தகம்தான் அத்தை.

விஜி அத்தை: அப்படியென்றால் வேண்டாம்.