தொலைதேசப் பழமையைப் பார்த்துவிட்டு வந்தபின் வீட்டருகே உள்ள முனியறைகளை எப்படிப் பார்ப்பது?

மறையூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியில் படிக்கும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது பாம்பெய் நகரைச் சுற்றிப் பார்த்தேன். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்துபோன அந்த ஊரில், கோயில்களையும் அரங்கங்களையும் விட, ரொட்டி சுட்ட அடுப்புகளும், அருகிலேயே நிற்கும் மாவரைக்கும் கற்களும், தெருவில் வண்டிச் சக்கரங்கள் பதித்த தடங்களுமே என்னை நகரவிடாமல் நிறுத்தின. சமைத்து, விற்று, பிள்ளை வளர்த்த மனிதர்களின் ஊர் அது என்பதை அந்தத் தடங்கள்தாம் எனக்கு உணர்த்தின.

கேரள எல்லையிலுள்ள எங்கள் மறையூருக்குத் திரும்பிய பிறகு, அருகே கோவில்கடவுப் பக்கம் பாறைமேல் நிற்கும் முனியறைகளைக் கடந்து செல்லும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. பலகைக் கற்களைச் சுவர்போல் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றிய இவை பெருங்கற்காலத்தவர் இறந்தோருக்காக எழுப்பியவை. அவற்றுள் பல இன்று சரிந்து கிடக்கின்றன. வீட்டில் பேச்செடுத்தால், முனிவர்கள் தவம் செய்த இடம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்நிய நாட்டில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்த அதே அக்கறையை வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எப்படி உண்டாக்குவது? எல்லைப் பகுதியில் வாழும் நண்பர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

உடுமலை ஆசிரியர்:

ஐயா, நான் மாணவர்களுக்குக் கல்லைக் காட்டுவதற்கு முன் ஆற்றைக் காட்டுவேன். கேரளத்தில் பிறந்து கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே. கபினி, பவானியோடு உங்கள் பாம்பாறும் அவற்றுள் ஒன்று. அது சின்னாற்றோடு சேர்ந்து எங்கள் பக்கம் அமராவதியாக இறங்கி, கரூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. அந்தக் கரூரில்தான் ஆற்று மணலிலிருந்து ரோமானியக் காசுகள் கிடைத்தன. அருகிலுள்ள புகளூர்க் குன்றில், சமணத் துறவி ஒருவருக்குச் சேர இளவரசன் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் பார்த்து வந்த ரோமும் உங்கள் ஊர் ஆறும் தொடர்பற்றவை அல்ல. பாம்பெயில் இந்தியத் தந்தச் சிலையொன்றும் கிடைத்து, இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் துணி துவைக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று தொடங்கினால் பிள்ளைகள் தாமாகவே அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள்.

குமுளி மகள்:

ஆசிரியர் சொல்வது பள்ளிக்குப் பொருந்தும். ஆயினும், முனிவர்கள் இருந்த இடம் என்று வீட்டார் சொல்வதை நீங்கள் தடையாகக் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை, அண்ணா. எங்கள் மங்கலதேவி கண்ணகி கோயில் புலிகள் காப்பகக் காட்டுக்குள், சுவர்கள் சிதைந்த நிலையில் நிற்கிறது. சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் மக்களை அனுமதிக்கிறார்கள். இடுக்கி, தேனி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்பிலும், தேனிப் பக்கம் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் வரும் கூட்டத்தில், அந்தக் கட்டடத்தின் காலத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் சிலரே. ஆனாலும் அந்த இடத்தை மறவாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம். வீட்டுப் பெரியவர்களை முதலில் முழுவதும் சொல்லவிடுங்கள். எந்த முனியறையில் யார் விளக்கு வைத்தார்கள், எது எப்போது சரிந்தது என்பவை அவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

மறையூர்வாசி:

இருவருக்கும் நன்றி. அம்மா சொல்வதை இதுவரை நடுவில் மறித்தே வந்திருக்கிறேன். இந்த வாரம் அவரையே அழைத்துக்கொண்டு பாறைக்குப் போகிறேன், அண்ணன் பிள்ளைகளும் வருகிறார்கள். ஆசிரியர் ஐயா, பாம்பாறு கரூர் வரை செல்லும் வழியைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி வரைந்த வரைபடம் தங்களிடம் இருந்தால் இங்கே பகிர இயலுமா? சர்க்கரை ஆலை வேலை ஓய்ந்ததும் அவர்களை அந்த வழியே கூட்டிச்செல்ல எண்ணியிருக்கிறேன்.