ரக்ரரை வாசிக்கத் தெரியாத குரலுக்குக் காசு கட்டவேண்டுமா?

மாங்குளத்தான்:
நேற்று வவுனியாக்காரன் என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: "கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்ட இலவசமாக வரும் இ-ஸ்பீக் குரல் தகரத்தில் தட்டுவது போல, பார்வையில்லாதவர்கள் கொஞ்சம் காசு சேர்த்து நல்ல குரலாக வாங்குங்கள்." கொஞ்சம் காசாம். வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பதினொரு வருடமாக அந்தத் தகரத்தோடுதான் குடும்பம் நடத்துகிறேன், உங்கள் பதிவையும் அதுதான் எனக்கு வாசித்துக் காட்டியது, நீங்கள் கண்ணால் வாசிப்பதைவிட வேகமாக.

வவுனியாக்காரன்:
அண்ணை, கோபம் வேண்டாம். என் மாமாவுக்கு நான்தான் லப்டொப்பில் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். காலபோக உழவு நேரம் ஒரு மெசேஜ் வந்தது, "ரக்ரர் நாளைக்கு வரும், காசை எடுத்து வை" என்று, அதுதான் உழுகிற ட்ராக்டர். உங்கள் இ-ஸ்பீக் அந்த முதல் சொல்லை வாசித்த விதத்தில், மனிசன் ஸ்பீக்கர் வெடித்துவிட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்கிவிட்டார். நாய் உறுமினது போல இருந்ததாம். காசு கொடுத்த குரல் என்றால் இப்படி வருமா?

மாங்குளத்தான்:
வரும். எழுதியிருப்பதைத்தானே வாசிக்கும்! ர-க்-ர-ர் என்று எழுதினால் ரக்ரர் என்றுதான் சொல்லும். ரகரத்தை டகரமாக வாசிப்பது நம் ஊரில் பழகின வாய்க்குத் தெரியும், மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதோடு எந்தக் குரலை வாங்கச் சொல்கிறீர்கள்? பலர் பெருமையாகச் சொல்லும் எலொகுவன்ஸில் தமிழே இல்லை. காசைக் கட்டிவிட்டு உங்கள் மாமா உழவுக் கணக்கை ஆங்கிலத்தில் கேட்பாரா?

முல்லை ரீச்சர்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம். திரையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது திரைவாசிப்பான், அதைச் சத்தமாக்குவது குரல். என்விடிஏ திரைவாசிப்பான், இ-ஸ்பீக் அதற்குள்ளேயே வரும் குரல். என்விடிஏ 2006 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது, அதைத் தொடங்கிய மைக்கல் கரனும் பார்வையில்லாதவர், இன்றும் அது இலவசம்தான். ஜோஸ் என்பது காசுக்கு விற்கும் திரைவாசிப்பான், காசு கட்டாவிட்டால் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியைத் திரும்பத் தொடங்கவேண்டும். விண்டோஸ் 10 இல் வள்ளுவர் என்று ஒரு தமிழ் ஆண் குரல் இருக்கிறது, இன்டர்நெட்டில் இறக்கினால் போதும், அதற்கும் காசில்லை. எதைப் பற்றிச் சண்டை என்று முதலில் தீர்மானியுங்கள்.

வவுனியாக்காரன்:
ரீச்சர் சொன்னால் சரி. ஆனால் வள்ளுவர் ரக்ரரை எப்படி வாசிப்பார்?

மாங்குளத்தான்:
இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். வள்ளுவரும் ரக்ரர் என்றுதான் வாசிக்கிறார். கொஞ்சம் கம்பீரமாக. உறுமுவது அதே நாய்தான், வளர்ந்த நாய். அதோடு இ-ஸ்பீக் ஒரு மனிதர் பேசிய பதிவை வெட்டி ஒட்டுவதில்லை, பெரும்பாலும் ஒலியைக் கணக்குப் போட்டே உண்டாக்குகிறது, அதனால்தான் தகரம் மாதிரி, அதனால்தான் அளவிலும் சின்னது, வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் எழுத்து எழுத்தாகப் பிரிந்து கேட்கிறது. ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கிறவனுக்கு அழகு முக்கியமா, வேகம் முக்கியமா? வீட்டில் பிள்ளைகள் கேட்டால் ஏதோ மழை பெய்கிறது என்கிறார்கள், எனக்கு ஒரு சொல்லும் தப்பாது.

பூநகரிப் புலவன்:
டிராக்டர் என்று எழுதிவிட்டால் பிரச்சினை முடிந்ததே.

மாங்குளத்தான்:
பார்த்தீர்களா, இது எங்கே போகிறது! இந்தியாக்காரன் எழுதுகிறபடி நாங்கள் எழுதவேண்டுமா? என் அப்பா இரணைமடு வயலில் இருபது வருடம் ரக்ரர் ஓட்டினவர், டிராக்டர் அல்ல. இன்று ரக்ரர், நாளைக்கு ரீச்சரையும் டீச்சர் ஆக்குவீர்கள். ரீச்சர், உங்கள் பெயரையும் என் மெஷின் ரகரத்தில்தான் கூப்பிடுகிறது, நான் ஏதாவது சொன்னேனா?

பூநகரிப் புலவன்:
நீங்கள்தானே அண்ணை எழுதினதைத்தான் வாசிக்கும் என்று சண்டை பிடித்தீர்கள். இப்போது எழுத்தை மாற்றச் சொன்னால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்.

மாங்குளத்தான்:
அப்பாவை இழுக்காதீர்கள்.

முல்லை ரீச்சர்:
எழுத்தை மாற்றவே தேவையில்லை. இன்சேர்ட்டையும் ஆங்கில N எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ மெனு வரும், அதில் பேச்சு அகராதி இருக்கிறது. ரக்ரர் வந்தால் ட்ராக்டர் என்று வாசி என ஒரு வரி சேருங்கள். என் மாணவர்களுக்கு ரிவி, ரிக்கெட், ரொய்லெட் எல்லாம் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு மத்தியான வேலை.

வவுனியாக்காரன்:
அப்போ ஒப்புக்கொள்கிறீர்கள், இலவசக் குரலுக்கு நாங்கள் உட்கார்ந்து ரக்ரர் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

மாங்குளத்தான்:
நீங்கள் சொன்னது தகரம். அகராதி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மேலே போய்ப் பாருங்கள். காசு கொடுத்த குரலுக்கும் அதே வரியைத்தான் சேர்க்கவேண்டும். அதோடு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. போன தையில் "இரண்டு நாளில் தருகிறேன்" என்று என் ஹெட்போனை வாங்கிப் போனவர் நீங்கள்தான் என்று எனக்கு எழுத்து நடையிலேயே தெரிகிறது. குரல் வாங்கக் காசு சேர்க்கச் சொல்கிறவர் முதலில் அதைத் தரட்டும்.

வவுனியாக்காரன்:
அந்த ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யவே இல்லை!

மாங்குளத்தான்:
தரும்போது இரண்டு பக்கமும் வேலை செய்தது. இடது பக்கத்தில் இ-ஸ்பீக், வலது பக்கத்திலும் இ-ஸ்பீக். ரக்ரர் உட்பட.

ஒட்டுசுட்டான் தம்பி:
வணக்கம் அண்ணைமார். நான் புதிது. தங்கச்சிக்குப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, ஏ.எல். படிக்கிறாள். பழைய லப்டொப், 4 ஜிபி ராம்தான். கையில் காசு இல்லை. எந்தக் குரல் போடலாம்?

வவுனியாக்காரன்:
வள்ளுவர்.

மாங்குளத்தான்:
இ-ஸ்பீக். தம்பி, இவருடைய பேச்சைக் கேளாதே. முதலில் அந்த வள்ளுவரிடம் ரக்ரர் என்று வாசிக்கச் சொல்.