அப்பாவின் உயில்: வங்கியில் புரொபேட் கேட்கிறார்கள், உடனே உதவி தேவை

சுதா_77
அப்பா காலமாகிவிட்டார். உயில் எழுதி வைத்திருக்கிறார். வீடு, வங்கியில் போட்ட டெபாசிட் எல்லாம் அம்மாவுக்குத்தான். வங்கியில் போய்க் கேட்டால் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை எங்கே வாங்குவது, எவ்வளவு நாளாகும், செலவு என்ன ஆகும்? அம்மா ரொம்ப உடைந்துபோயிருக்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கடலூர்_செல்வம்
வருத்தமாக இருக்கிறது சகோதரி. வீடு எந்த ஊரில்? உயிலை எந்த ஊரில் எழுதினார்? பதிவு செய்ததா, வெறும் தாளா?

தேன்மொழி
கூடவே இதையும் சொல்லுங்கள். உங்கள் குடும்பம் இந்துவா, கிறிஸ்தவரா, முஸ்லிமா? வாரிசுச் சட்டம் அதைப் பொறுத்து மாறும். கூடப்பிறந்தவர்கள் உண்டா, பாட்டி இருக்கிறார்களா? டெபாசிட்டில் நாமினி யார்?

முன்னாள்_குமாஸ்தா
இதே கேள்விக்கு எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 57, 213. சென்னை எல்லைக்குள் இந்து எழுதிய உயில், அல்லது எங்கே எழுதியிருந்தாலும் சென்னைக்குள் இருக்கும் வீடு, நிலம் பற்றிய உயில் என்றால் புரொபேட் கட்டாயம். உயர் நீதிமன்ற வளாகத்தில் முடி நரைத்தவன் சொல்கிறேன், இதில் விவாதத்துக்கு இடமில்லை.

முகில்
ஐயா, 213 இப்போது சட்டத்தில் இல்லை. 2025 டிசம்பரில் வந்த நீக்க, திருத்தச் சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மதுரை வீட்டுக்குத் தேவைப்படாத புரொபேட் மயிலாப்பூர் வீட்டுக்கு மட்டும் எதற்கு என்று எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். சுதா, அப்பா தவறியது அந்தச் சட்டத்துக்கு முன்பா, பின்பா?

முன்னாள்_குமாஸ்தா
தம்பி, எடுத்தது கட்டாயத்தை மட்டும்தான். நாளைக்கு ஒருவர் உயிலே பொய் என்று வந்தால் நிரூபிக்க வேண்டியது அந்த அம்மாள்தானே? உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். நீங்கள் நாளிதழ் படித்துவிட்டு வருகிறீர்கள், நான் கட்டு கட்டாக மனுவைப் பார்த்தவன்.

வேலூர்_பாரி
இதற்குத்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: உயிலே எழுதாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் போட்டுவிடுங்கள். ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். சார் பதிவாளர் அலுவலகத்தோடு வேலை முடிந்தது, புரொபேட் என்ற பேச்சே வராது.

தேன்மொழி
பாரி அண்ணா, எங்கள் தெருவிலேயே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் படுத்திருக்கும் பாட்டி இருக்கிறார். உயிலை நினைத்தபோது மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட்டை அப்படி ரத்து செய்ய முடியுமா?

வேலூர்_பாரி
பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டால் போதும். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவில் ரத்து செய்யலாம்.

தேன்மொழி
அந்த வரியைப் பத்திரத்தில் யார் எழுதுகிறார்கள்? மகனிடம் போய் நிபந்தனையா என்று பெற்றவர்களே கூச்சப்படுகிறார்கள். எண்பது வயதில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவது எளிதா?

கடலூர்_செல்வம்
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். அந்தப் பெண் டெபாசிட்டுக்கு வழி கேட்டு நிற்கிறார்.

முகில்
சரி, சுதா, இருக்கிற தகவலை வைத்தே சொல்கிறேன். முதலில் டெபாசிட் ரசீதை எடுத்துப் பாருங்கள். அம்மா நாமினி என்றால் புரொபேட், வாரிசுரிமைச் சான்று எதையும் வங்கி கேட்கக் கூடாது, இது ரிசர்வ் வங்கியின் விதி. இறப்புச் சான்றிதழும் அம்மாவின் அடையாள அட்டையும் கொடுத்துக் கோரிக்கைப் படிவம் எழுதுங்கள். முடியாது என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பொருள், அதனால் மட்டும் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. இங்கே உயிலும் அம்மா பெயருக்கே இருப்பதால் சிக்கல் குறைவு.

வீட்டு விஷயத்தில் குமாஸ்தா ஐயா சொன்ன சாட்சிதான் உயிர்நாடி. உயிலில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் யார், எங்கே இருக்கிறார்கள் என்று இன்றைக்கே தேடுங்கள். பெரும்பாலும் அப்பா வயதுக்காரர்களாக இருப்பார்கள். நல்ல நினைவோடு இருக்கும்போதே ஒருவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வையுங்கள். மூல உயிலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகலை மட்டும் காட்டுங்கள். உயிலில் சொன்னதைச் செய்து முடிக்கும் பொறுப்பாளராக, அதாவது நிறைவேற்றுநர் என்று, ஒருவர் பெயர் இருந்தால் அவர்தான் புரொபேட் கேட்க முடியும். பெயர் இல்லையென்றால் உயிலை இணைத்து நிர்வாக உரிமைச் சான்று கேட்க வேண்டும், வக்கீல்கள் எல்.ஏ. என்பார்கள். கட்டாயம் போய்விட்டாலும், வீட்டை விற்கிற நாளில் வாங்குபவரின் வக்கீல் இதைக் கேட்க வாய்ப்பு அதிகம். மற்ற வாரிசுகள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் மனு சீக்கிரம் நகரும்.

முன்னாள்_குமாஸ்தா
இதைத்தான் நானும் சொன்னேன். பட்டா பெயர் மாறிவிட்டால் வீடு சொந்தம் என்று நம்பிவிடாதீர்கள், பட்டா வருவாய்த் துறைப் பதிவு மட்டும்தான்.

சுதா_77
எல்லோருக்கும் நன்றி, ஆஸ்பத்திரி, காரியம் என்று அலைச்சலில் இங்கே வர முடியவில்லை. வீடு மயிலாப்பூர். நாங்கள் இந்து. உயில் பதிவு செய்யவில்லை. ரசீதில் அம்மாதான் நாமினி, மேலாளரிடம் படிவம் கொடுத்துவிட்டோம், வாங்கிக்கொண்டார். சாட்சிகளில் ஒருவர் தவறிவிட்டார், இன்னொருவர் கும்பகோணத்தில் இருக்கிறார். அண்ணன் மட்டும் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான்.

தேன்மொழி
அப்படியானால் கும்பகோணத்துக்கு முதலில் போய்விட்டு வாருங்கள். அண்ணன் ஆட்சேபணை போட்டால் உங்கள் மனு உயர் நீதிமன்றத்தில் டி.ஓ.எஸ். என்கிற உயில் வழக்காக மாறிவிடும், அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அப்பா தவறிய தேதியையும், உயிலில் நிறைவேற்றுநர் பெயர் இருக்கிறதா என்பதையும் இன்னும் சொல்லவில்லையே சுதா?

முகில்
சுதா, இருக்கிறீர்களா? நிறைவேற்றுநராக அண்ணன் பெயரே போட்டிருந்தால் வழி வேறு. பார்த்துச் சொல்லுங்கள்.